முதலாளி பிடித்த விரதம்

நோயாளிக்கு நாலு கால், ஒரு வால். ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்தவருக்கு இரண்டு கால், வயது ஐம்பத்திரண்டு. விழுந்தவர் நான். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போனவனைத் தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து சொல்லி என்னை வெட்கப்படுத்த வேண்டாம்.

வயதான பூனை வைத்திருக்கிறவர்கள், அதற்கு நாள்தோறும் வலிமருந்து கொடுக்கிறவர்கள் இதை ஒருமுறை வாசித்தால் நல்லது. மற்றவர்கள் சிரிப்பதற்காக வாசிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆறு நாள்.

பூனையின் பெயர் முதலாளி. வேலை எதுவும் செய்யாமல், வீட்டில் உயரமான இடத்தில் இருந்துகொண்டு, எல்லோரையும் சந்தேகத்தோடு பார்க்கிற ஒருவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? நான் வேலை செய்வது கொட்டாஞ்சேனையில், குழாயும் குழாய்ப் பொருட்களும் விற்கிற கடையில். அங்கேயும் ஒரு முதலாளி இருக்கிறார். பூனையின் பெயர் அவருக்குத் தெரியாது. இனியும் தெரியாமல் இருக்கட்டும்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மாடிவீடு. முதலாளிக்கு மூன்று வயதில் அந்த ஒழுங்கையிலேயே ஓட்டோ ஒன்று அடித்து இடுப்பெலும்பு உடைந்தது. அது பொருந்தினாலும் சரியாகப் பொருந்தவில்லை. பன்னிரண்டு வயதாகும்போது மூட்டெல்லாம் தேய்ந்து, யன்னல் கட்டுக்குப் பாய முடியாமல் கீழே நின்று அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். மலங்கழிக்கிற மண்பெட்டிக்குள் ஏறுவதற்கே யோசித்தார். மிருக வைத்தியர், ஒரு சிங்களப் பெண்மணி, மிகப் பொறுமையானவர், சின்னப் போத்தலில் தேன் மணக்கிற மருந்து ஒன்று தந்தார். ஊசியில்லாத சிறிஞ்சில் கோடு போட்டுக் காட்டினார்: பூனையின் நிறைக்கு இவ்வளவுதான், ஒரு நாளைக்கு ஒருமுறை.

முதலாளி அதை நக்கிக் குடித்தார். இரண்டு கிழமையில் யன்னல் கட்டில் ஏறிவிட்டார். நான் போத்தலுக்குக் கும்பிடு போட்டேன்.

டொக்டர் மூன்று விஷயம் சொல்லித்தான் தந்தவர். சாப்பிட்ட பிறகு மட்டும் கொடுங்கள். சாப்பிடாத நாளில், சத்தி எடுத்த, வாந்தி வந்த நாளில், கொடுக்க வேண்டாம், உடனே எனக்குச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதிக்கக் கொண்டுவாருங்கள். நான் தலையை ஆட்டினேன். என் தலை நன்றாக ஆடும்.

இரத்தம் சோதிக்க ஒருமுறைகூடப் போகவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, காலி வீதியில் பெட்டி ஒன்றோடு போனால் வருகிற கேள்விகள். எல்லாம் உண்மைதான். ஆனால் அதே காலி வீதியால் நான் கொட்டாஞ்சேனைக்குத் தினமும் போய்வந்தேன், கலியாண வீடுகளுக்குப் போனேன், கிரிக்கெட் பார்க்கச் சிநேகிதன் வீட்டுக்குப் போனேன். அந்த வருடங்களில் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் யுத்தம் ஒரு நல்ல சாட்டு. போகாத செத்தவீடு, எழுதாத கடிதம், எடுக்காத இரத்தம், எல்லாவற்றையும் அதன் தலையில் போடலாம். அது மறுத்துக் கதைக்காது.

என் மனைவி பவானியின் தம்பி குகன் வன்னியில், சண்டை நடக்கிற பக்கம், இருந்தான். பள்ளிக்கூட வாத்தி. அந்த வருடம் நடுப்பகுதியோடு அவனிடமிருந்து போன் நின்றுவிட்டது. பவானி றேடியோவைக் குறைத்து வைத்துக்கொண்டு குந்தியிருப்பாள். சிரிப்பதில்லை. சமையலில் உப்பு இருக்கும், இல்லாமலும் இருக்கும். கந்தசஷ்டி வந்தபோது, ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்று முடிவெடுத்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இந்த முறை நீங்களும் பிடியுங்கோ. ஒருநேரம் மரக்கறிச் சாப்பாடு போதும். குகனுக்காக."

இருபத்துநாலு வருடக் கலியாணத்தில் அவள் என்னிடம் கேட்டவை குறைவு. ஓம் என்றேன். தலையும் ஆடியது.

முதல் நாள் மத்தியானம் கடையில் குழாய் எண்ணிக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பாரை மீன் பொரிக்கிற மணம் வந்தது. நான் முருகனோடு ஒரு சமாதானப் பேச்சு நடத்தினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரவு சாப்பிடாமல் இருந்தால் அதுவும் ஒருநேரம்தானே. மரக்கறி என்ற விஷயத்தைப் பேச்சில் எடுக்கவில்லை. போய்ச் சாப்பிட்டேன். வாயைக் கொப்பளித்து, வெற்றிலை போட்டு, வீட்டுக்கு வந்து, களைத்த முகத்தோடு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன். பவானி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. பேச்சுவார்த்தை ஒன்று முறியாமல் நடந்தது அந்த வருடத்தில் எனக்குத் தெரிய இது ஒன்றுதான்.

இப்போது பூனைக்கு வருகிறேன்.

முதலாளியின் சாப்பாடு சூடை மீன் அவித்துப் பிசைந்த சோறு, அந்தத் தண்ணீரோடு. விரத நாளில் எங்கள் அடுப்பில் மீன் ஏறாது, சட்டிகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும். அவருடைய இலாகா என்னுடையது. பவானி அநேகமாகக் கோயிலில். பருப்பும் சோறும் வைத்தேன். மணந்துவிட்டுத் திரும்பினார். தயிர்ச்சோறு வைத்தேன். காலால் மண் தள்ளுவதுபோல நிலத்தைப் பிராண்டினார், மண்பெட்டியில் செய்கிற அதே வேலை. கொஞ்சம் பால் நக்கினார். ஆனால் தேன் மருந்தை மட்டும் வழமைபோல் நக்கிவிட்டார். நானும் வழமைபோல் கொடுத்தேன்.

நாலாம் நாள் பவானி கேட்டாள், உவன் சாப்பிடுறானோ என்று.

"அவரும் விரதமெல்லே," என்றேன். "மூண்டு துளி தீர்த்தம் மட்டும். உம்மட தம்பிக்காகத்தான் பிடிக்கிறாராம்."

பவானி சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, பல் தெரிய. அந்தச் சிரிப்பைக் கண்டதும் நான் அந்தப் பகிடியை விடவில்லை. கீழ்வீட்டுச் சறோ அக்காவுக்குச் சொன்னேன். அவர் கோயிலில் சொன்னார். ஐந்தாம் நாள் பின்னேரம் இரண்டு பெண்கள் பூனையைப் பார்க்கவே வந்தார்கள். ஒருவர் முதலாளியின் நெற்றியில் திருநீறு பூசினார். அவர் கூனிக் குந்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். "பாருங்கோவன், தியானம்," என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

அது தியானமில்லை. வயிற்றுப் பிரட்டல் வந்த பூனை அப்படித்தான் குந்தும் என்று பிறகு தெரிந்தது. நான் அதைக் கால்வலி என்று நினைத்தேன். பாவம் என்று நினைத்து, அன்றிரவு கோட்டுக்கு மேலே இன்னும் அரைக் கோடு கூட்டிக் கொடுத்தேன்.

ஒரு நாள் மட்டும் எனக்குப் புத்தி வந்தது. அதற்கு முன்னே, மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் என் தட்டில் கிடந்த மீன் துண்டில் பாதியைக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்தேன். பஸ்ஸில் வரும்போது வழியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அடையாள அட்டை, பை. ஆமிக்காரன் என் பையைத் திறந்து, கடதாசியை விரித்து, மணந்து பார்த்தான். எனக்குப் பின்னால் நின்றவர் சறோ அக்கா. நெற்றி நிறையத் திருநீறு, அவரும் விரதம்.

"என்ன தம்பி, மீனோ?"

"பூனைக்கு அக்கா."

அந்த ஆறு நாளில் நான் சொன்ன ஒரே உண்மை அது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பூனைக்கோ என்று இன்னொருமுறை கேட்டுவிட்டுச் சிரித்தார். பஸ் வெள்ளவத்தைக்கு வரும்வரை பையை மடியில் அமுக்கிக்கொண்டு இருந்தேன். இந்த மனுசி பவானியிடம் சொன்னால், மீன் எந்தக் கடையில் வந்தது, யார் தட்டில் கிடந்தது என்று கதை வளரும். பஸ்ஸால் இறங்கியதும் முதல் வேலையாக அந்தக் கடதாசியை ஒழுங்கை முகப்பில் நின்ற நாயின் முன் போட்டேன். நாய் இரண்டு கடியில் முடித்தது. வீட்டுக்குப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். முதலாளி வந்து என் விரல்களை மணந்துகொண்டே நின்றார்.

இதைத்தான் நான் சொல்லவேண்டியிருந்தது. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக் கதை.

ஏழாம் நாள் காலை பாறணை, விரதம் முடிக்கிற சாப்பாடு. பவானி விடியவே குளித்து ஆறு கறி சமைத்தாள். முதலாளி கட்டிலுக்குக் கீழே கிடந்தார். முன்னிரவு இரண்டுமுறை மஞ்சளாகச் சத்தி எடுத்திருந்தார். இழுத்து எடுத்தால் துணிபோல வந்தார். வாயில் ஒரு நாற்றம், மூத்திரக் கிண்ணத்தைத் திறந்ததுபோல. பவானி இலையைப் போட்டபடி போட்டுவிட்டு, பிஸ்கட் வந்த மட்டைப்பெட்டியில் பழைய சீலைத்துண்டு விரித்தாள். ஓட்டோ பிடித்தோம்.

மட்டைப்பெட்டி, கயிறு, வேர்த்து வழிகிற தமிழன். சோதனைச் சாவடியில் மறிக்காமல் விட்டிருந்தால்தான் நான் முறைப்பாடு செய்திருக்க வேண்டும். என்ன இருக்கிறது என்று ஆமிக்காரன் கேட்டான். என் சிங்களம் கடைச் சிங்களம். குழாய், பசை, ஆணி எல்லாம் சரளமாக வரும். அந்த நேரம் "பூசா" என்ற பூனைக்கான ஒரு சொல்லும் இரண்டு கையும்தான் மேலே வந்தன. அவன் கேட்காமலே கைகளைத் தூக்கியிருந்தேன். அவன் பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலாளியைத் தெரியாத எவரும் தொட்டதில்லை. தமிழர் வீடுகளில் ஆட்களைப் பதிய வந்த பொலிஸ்காரரின் முழங்கையில் இன்னும் நகக்கோடு இருக்கும். ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணைத் திறந்தால், ஆமிக்காரன் அவருடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தான். முதலாளி தடவ விட்டுக்கொண்டு கிடந்தார். அவன் மூடியை மெல்ல மூடிவிட்டு ஓட்டோக்காரனைக் கெதியாகப் போகச் சொன்னான். அப்போதுதான் எனக்கு முதன்முதலாக விளங்கியது, இது சாகிற வருத்தம், உயிர் போகிற நோய் என்று.

டொக்டர் மேசையில் விட்டுத் தோலைக் கிள்ளித் தூக்கினார். தூக்கிய தோல் அப்படியே கூடாரம்போல நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனதன் அடையாளம் அது. வாயைத் திறந்து முரசில், பல்லடிச் சதையில், புண்ணைக் காட்டினார். பிறகு கேட்டார்: கடைசியாக எப்போது சாப்பிட்டது?

பவானி எனக்குப் பக்கத்தில் நின்றாள். ஆறு நாள் பட்டினி கிடந்த முகம்.

"நேற்று," என்றேன்.

மருந்து? நீங்கள் சொன்னபடிதான். சாப்பாட்டோடுதானே? ஓம். மூன்று பொய், ஒரு மூச்சில். இதில் விசேஷம் என்னவென்றால், ஒன்றைக்கூட நான் யோசித்துச் சொல்லவில்லை. சாப்பிடவில்லை என்றால், ஏன் வெளியில் வாங்கிக் கொடுக்கவில்லை என்று பவானி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பாரை மீன் நின்றது. எலிப் பாஷாணம் ஏதும் கிடந்ததா, வீட்டில் பூச்செடி இருக்கிறதா, மூத்திரம் போகிறதா என்று டொக்டர் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போனார். நான் ஒவ்வொன்றுக்கும் மிக அக்கறையோடு பதில் சொன்னேன். பிறகு கழுத்தடியில் மயிர் வழித்து இரத்தம் எடுத்தார்கள். சிவப்பாக ஏறுவதைப் பார்த்தேன். அடுத்ததாகப் பார்த்தது கூரையை. பவானி துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள். டொக்டருக்கு உதவுகிற பெண் சீனி கூடப் போட்ட பிளேன் டீ தந்தாள். விரதம் பிடித்த களைப்பு என்று பவானி அவளுக்கு விளக்கம் சொன்னாள். நான் டீயைப் பார்த்துக்கொண்டு குடித்தேன்.

முதலாளியை அங்கேயே மறித்தார்கள். பின்னறையில் கம்பிக் கூடு, முன்னங்காலில் சேலைன் குழாய்.

அடுத்த நாள் இருவரும் போனோம். காத்திருப்பவர்கள் குந்துகிற நீள வாங்கில் ஒரு பக்கம் நாய்கள், ஒரு பக்கம் பூனைகள்; மனிதர்கள் நடுவில், எல்லோரிடமும் நோயாளிகளைவிட மோசமான முகம். டொக்டர் உள்ளே கூப்பிட்டு றிப்போட்டைக் காட்டினார். யூரியா, கிறியற்றினின் என்று இரண்டு பெயர். உடம்பு பாவித்த பிறகு மிஞ்சுகிற கழிவுகள் அவை. சிறுநீரகம் அவற்றை வடித்து வெளியே விடவேண்டும். இவருக்கு இரண்டும் இரத்தத்திலேயே ஏறி நின்றன. மூத்திரமும் தண்ணீர்போல இருந்தது, அதாவது வடிகட்டி வேலை செய்யவில்லை.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே சுருக்குகிறேன். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகம் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தேயும். அப்படித் தேய்ந்ததென்றால் திரும்பி வராது. முந்தாநாள்வரை சாப்பிட்டது, மருந்தும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறீர்கள், அப்படியிருந்தும் இவ்வளவு ஏறியிருக்கிறதென்றால், இது பழைய வருத்தம்போலத்தான் தெரிகிறது. முந்தி எடுத்த இரத்தம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதுவும் இல்லை. இனிச் சேலைன் ஏற்றி அவனை வருத்தாமல், நோகாமல் அனுப்பிவைப்பதைப் பற்றி யோசியுங்கள். அவசரமில்லை, பின்னேரம் சொன்னால் போதும்.

பவானிக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். என்னைப் பார்த்தாள். நான் ஏதும் பகிடி சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ தெரியாது.

ஆங்கிலத்தில் சொன்னால் பவானிக்கு விளங்கும். ஆகவே அவளுக்கு வராத சிங்களத்தில் தொடங்கினேன், அந்த நேரத்திலும் அவ்வளவு சூழ்ச்சி. டொக்டர், நேற்றுச் சொன்னது பொய், அவர் சாப்பிடவில்லை. ஆறு நாள். ஏன் என்று கேட்டார். உபவாசம் என்று சொல்லத்தான் வந்தது. அந்தச் சொல்லை மூன்று பாஷைக்காரரும் விளங்கிக்கொள்வார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. பவானி நிமிர்ந்தாள்.

டொக்டர் ஒரு நல்ல பௌத்தர். உங்கள் சமயத்தில் பூனைகளும் பிடிக்க வேண்டுமா என்று மரியாதையாகவே கேட்டார். பகிடிவிடுகிற ஒருவனுக்கு உலகத்தில் இதைவிடத் தண்டனை இல்லை: தன் பகிடியைத் தானே, ஒவ்வொரு சொல்லாக, சிரிக்காத ஒருவருக்கு விளங்கப்படுத்துவது. படுத்தினேன். மருந்தை நிறுத்தவில்லை என்றும் சொன்னேன். அரைக் கோடு கூட்டியதையும் சொன்னேன்.

டொக்டர் எழுந்துவிட்டார். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார், குரல் உயரவில்லை. பதிலுக்குக் காத்திராமல் பின்னறைக்குப் போய், குழாயில் துளி விழுகிற வேகத்தைத் தானே கூட்டினார்.

நானும் பவானியும் அந்த அறையில் தனியே நின்றோம்.

"மீன் குடுக்க வேண்டாமெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றாள்.

ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

"சறோ அக்கா வீட்டுப் பின்பக்கம் ஒரு அடுப்பு இருக்கு. கடையில வாங்கி வந்திருக்கலாம். தகர ரின் மீன் ஒண்டு உடைச்சிருக்கலாம். ஏன் செய்யேல்லை?"

"மணக்கும் எண்டு."

"என்ன மணக்கும்?"

சொன்னேன். கடை, பாரை மீன், வெற்றிலை, நாய்க்குப் போட்ட பாதித் துண்டு.

"ஆறு நாளுமோ?"

"அஞ்சு நாள்."

"ஆறாம் நாள்?"

"ஆறாம் நாள் கடை பூட்டு."

அவள் அழவில்லை, ஏசவில்லை. மேசையில் கிடந்த றிப்போட்டை எடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு பின்னறைக்குப் போய்க் கூட்டுக் கம்பிக்குள்ளால் ஒரு விரலை விட்டு முதலாளியின் காதைத் தொட்டுக்கொண்டு நின்றாள். 

டொக்டர் பின்னேரம் எனக்கு விளங்கப்படுத்தினார். நான் அதைக் குழாய்க்கடைக்காரனின் மூளையால் விளங்கிக்கொண்டேன். சிறுநீரகம் ஒரு வடிகட்டி. வடிய வேண்டுமென்றால் இரத்தம் அமுக்கத்தோடு வரவேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்தால், உடம்பே ஒரு இரசாயனத்தைச் சுரந்து, சிறுநீரகத்துக்குப் போகிற குழாயை அகலத் திறந்து வைத்திருக்கும். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் அதே குடும்பத்து இரசாயனம்தான். இந்த மருந்து அதை அடக்கித்தான் வலியைக் குறைக்கிறது. நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் ததும்பியிருக்கிற பூனைக்கு, குறைந்த அளவில், நெடுநாளும் கொடுக்கலாம். வற்றிப்போன பூனைக்குக் கொடுத்தால், திறந்து வைத்த அந்த வால்வையும் பூட்டிவிடுகிறது. பூனைகள் கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பது குறைவு; அவற்றுக்குத் தண்ணீர் பாதிக்குமேல் சாப்பாட்டிலிருந்துதான். ஆகவே, மீனை நிறுத்தியது தண்ணீரை நிறுத்தியது. மருந்தில் பிழையில்லை என்று இரண்டுமுறை சொன்னார். யாரில் பிழை என்று சொல்லவில்லை. படித்த மனுசி.

ஆனால் இன்னொன்றும் சொன்னார். இது தேய்ந்த வருத்தமில்லை, விழுந்த அடி. அடி என்றால் எழும்ப இடமிருக்கிறது. நேற்றுத் தெரிந்திருந்தால் நேற்றே வேகமாக ஏற்றியிருப்பேன். ஒரு நாள் போய்விட்டது. பார்ப்போம்.

பார்த்தோம். கடையில் லீவு எடுத்தேன், மனைவியின் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவருக்கு வருத்தம் கடுமை என்று சொல்லி. வீட்டில் மனிசர் எவரும் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அவ்வளவு ஒழுங்காக வாங்கில் இருந்ததில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பிப் போய்த் துளி விழுகிறதா என்று பார்ப்பேன். உதவுகிற பெண் கடைசியில் என்னை இருத்திவிட்டு, நீங்கள் பார்க்காவிட்டாலும் அது விழும் என்றாள். செலவைப் பற்றிக் கேட்டால் ஒன்றே சொல்வேன்: பவானி தன் பணப்பையிலிருந்துதான் கட்டினாள், என்னைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், எண்கள் அசையவில்லை. அன்று மத்தியானம் பவானி வந்து என் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டு, கதைக்காமல் கூட்டடிக்குப் போனாள். திறந்தேன். சோறு, முருங்கைக்காய்க் கறி, மேலே பொரித்த மீன் இரண்டு துண்டு, மொறுமொறுவென்று, எனக்குப் பிடித்த பதம். அதைவிட அவள் இரண்டு அடி அடித்திருக்கலாம். நாய்க்காரர்களும் பூனைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மீனை நான் முள் மிஞ்சாமல் சாப்பிட்டேன். மிச்சம் விட்டுக் காட்ட எனக்கு முகமில்லை.

நாலாம் நாள் கிறியற்றினின் கொஞ்சம் இறங்கியது. ஐந்தாம் நாள் இன்னும். அன்று பவானி அவித்த சூடையின் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து, விரலில் தொட்டுக் கம்பிக்குள்ளால் நீட்டினாள். முதலாளி வெகுநேரம் பார்த்தார். பிறகு நக்கினார். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை, பிறகு விரலைக் கடித்தார். டொக்டர் கைதட்டினார். நான் வெளியே வந்து வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூக்குச் சிந்தவேண்டியிருந்தது.

ஏழு நாளில் வீட்டுக்கு வந்தார். முழுச் சிறுநீரகம் திரும்பவில்லை. எவ்வளவு போனதோ அது போனதுதான் என்றார் டொக்டர். கிழமைக்கு இரண்டுமுறை தோலுக்குக் கீழே சேலைன் கொடுக்க எனக்குப் பழக்கினார்கள். முதல் தடவை ஊசி அவருடைய தோலுக்குள்ளால் போய் மறுபக்கம் வந்து என் விரலில் ஏறியது. இப்போது ஒரே குத்தில் சரியாகப் போகிறது. சறோ அக்காவுக்கு நானே போய்ச் சொன்னேன், விரதமில்லை, பட்டினி என்று. அவர், திருநீறு பூசினது பிழையில்லைத்தானே தம்பி என்றார்.

ஆனால் வலிமருந்து நின்றுவிட்டது. மழை பெய்யத் தொடங்க மூட்டு இறுகியது. முதலாளி மண்பெட்டிக்கு நடந்து போகும்போது நடுவில் ஒருமுறை நின்று, மூச்செடுத்து, பிறகு போனார். யன்னலுக்குக் கீழே வந்து நின்றால் நான் தூக்கி வைப்பேன். தூக்கும்போது இடுப்பில் கை பட்டால் ஒரு சின்னச் சத்தம் போடுவார். சிறுநீரகம் கெட்டால் பூனை சத்தம் போடாது. இடுப்பு நொந்தால் போடும். மருந்து கொடுத்து நான் செய்தது எனக்குக் கேட்கவில்லை. இப்போது கொடுக்காமல் விட்டது தினமும் கேட்டது.

இரண்டு மாதம் கழித்து இரத்தம் எடுத்தோம். இந்தமுறை சொன்ன திகதியில் போனேன், மூன்று இடத்தில் மறித்தார்கள், மூன்று இடத்திலும் மூடியைத் திறந்து காட்டினேன். எண்கள் ஓரிடத்தில் நிலைத்திருந்தன. டொக்டர் சொன்னார்: வலியோடு வாழ்வதும் ஒரு வருத்தம்தான். விரும்பினால், முந்தியதில் பாதிக்கும் குறைவாக, மிகக் கவனமாகத் திரும்பத் தொடங்கிப் பார்க்கலாம். மாதா மாதம் இரத்தம். சாப்பிடாத நாளில் ஒரு துளியும் கூடாது. சிறுநீரகத்துக்கு ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். உங்கள் வீட்டில் யார் கொடுப்பது என்பதைப் பொறுத்தது என்று முடித்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

போத்தல் பவானியின் அலுமாரியில், அவளுடைய சீலைகளுக்கு நடுவில், ஆஸ்பத்திரி நாளிலிருந்து பூட்டிக் கிடந்தது. குகனைப் பற்றி இதை எழுதும்வரை ஒரு செய்தியும் இல்லை. அந்த ஐந்து மத்தியானங்களைப் பற்றியும் அவள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் சுகமாயிருக்கும்.

வீட்டுக்கு வந்து, முதலாளிக்குச் சோறு வைத்தோம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பவானி அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தாள். புதிய சிறிஞ்சும் வைத்தாள். இனி நீரே குடும், என்னை விடும் என்றேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்கள்தான் குடுக்கவேணும்."

"என்னை நம்புறீரோ?"

"நம்பேல்லை," என்றாள். "அதாலதான்."

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. முதலாளி கடைசிப் பருக்கையையும் சாப்பிட்டு, கோப்பையை நக்கி, தண்ணீரும் குடித்து முடியும்வரை இருவரும் நின்று பார்த்தோம். பிறகு நான் சிறிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, புதிய கோட்டுக்குச் சரியாக இழுத்து, பவானிக்குக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. நான்தான் இரண்டாம்முறையும் பார்த்தேன்.